பாங்காக்: சிக்கனப் பயணியின் நீர்வழி

1782-ஆம் ஆண்டில் முதலாம் ராமா மன்னர் பாங்காக்கைச் சயாம் நாட்டின் தலைநகராக்கியபோது, சாவ் பிரயா ஆற்றின் வளைவு ஒன்று கால்வாய்களால் துண்டிக்கப்பட்டுத் தீவாக்கப்பட்டது. ராத்தனகோசின் எனப் பெயர்பெற்ற அத்தீவில்தான் அரண்மனையும் முதன்மையான விகாரைகளும் எழுந்தன. மக்களும் சரக்கும் படகிலேயே போய்வந்தமையால், மேலைநாட்டு முறையில் அமைந்த முதல் சாலையான சரோன் குருங் சாலைக்கு 1864 வரை அந்நகரம் காத்திருந்தது. பின்னர்ச் சாலைகள் கிழக்கு நோக்கிப் பெருக, கடைவளாகங்களும் அலுவலகக் கோபுரங்களும் அவற்றைப் பின்தொடர்ந்தன; 1999 டிசம்பரில் ஓடத் தொடங்கிய மேம்பால ரயிலும் அந்தக் கிழக்குப் பகுதிக்கே சென்றது. பழைய நகரின் உள்ளே ரயில் என்பது 2019-இல் சுரங்கப்பாதை நீட்டிக்கப்பட்ட பிறகே வந்தது. ஆகவே காணத்தக்கவற்றில் பெரும்பகுதி ஆற்றங்கரையிலும், நகரின் அன்றாட ஓட்டத்தில் பெரும்பகுதி கிழக்குச் சாலைகளிலும் அமைந்துவிட்ட இந்நகரில், குறைந்த செலவில் சுற்றிப்பார்ப்பவருடைய காசும் நேரமும் இவ்விரண்டுக்கும் இடையிலான போக்குவரத்து நெரிசலில்தான் கரைகின்றன. நெரிசலுக்குத் தப்பும் வழி பெரும்பாலும் தண்ணீரில் இருக்கிறது. அந்த வழி மலிவானதாகவும் இருப்பது சிக்கனப் பயணியின் நல்லூழ்.

பேக்பேக்கர் என்று உலகெங்கும் அறியப்படும் தோள்பைப் பயணி, சுற்றுலா நிறுவனத்தின் ஏற்பாடுகளை நாடாமல், தம் உடைமை முழுவதையும் ஒரே பையில் சுமந்து, கூட்டறைகளில் தங்கி, உள்ளூர் மக்கள் ஏறும் வண்டிகளில் ஏறி, வாரக்கணக்கில் நாடு நாடாகச் செல்பவர். 1970-களில் ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே தரைவழியாகப் போய்வந்த இளைஞர் கூட்டத்திலிருந்து இப்பழக்கம் வளர்ந்தது. டோனி வீலரும் மோரீன் வீலரும் 1975-இல் வெளியிட்ட தென்கிழக்காசியச் சிக்கனப் பயணக் கையேடு அதற்கு ஒரு வழித்தடத்தையே வகுத்துக் கொடுத்தது. அக்காலத்தில் பாங்காக்கில் இவர்கள் கூடிய இடம், லும்பினி பூங்காவுக்குத் தெற்கே மலேசியா ஹோட்டலைச் சுற்றியிருந்த சந்துகளாகும். வியட்நாம் போரின்போது ஓய்வுக்காக அனுப்பப்பட்ட அமெரிக்கப் படைவீரர்களை நம்பிப் பெருகிய விடுதிகள், போர் முடிந்ததும் வேறு வாடிக்கையாளரைத் தேடவேண்டியிருந்த காலம் அது.

இன்று பெயர்பெற்ற காவ் சான் சாலை அதற்குப் பின்னரே பயணிகளின் தெருவாயிற்று. ஏறத்தாழ 400 மீட்டர் நீளமே உள்ள அத்தெரு 1892-இல் போடப்பட்டது. அரிசி வணிகத்தால் அறியப்பட்டிருந்தது. 1982-இல் நகரத்தின் இருநூறாம் ஆண்டு விழாவைக் காண வந்த வெளிநாட்டினருக்கு அரண்மனைக்கு அருகில் தங்க இடம் போதாமையால், அங்கிருந்த வீட்டுக்காரர் சிலர் தம் மர வீடுகளின் அறைகளை வாடகைக்கு விட, அதுவே தொழிலாகிவிட்டது. அலெக்ஸ் கார்லண்ட் 1996-இல் எழுதிய ‘த பீச்’ நாவலும், 2000-இல் வெளிவந்த அதன் திரைவடிவமும் அத்தெருவின் பெயரை உலகெங்கும் கொண்டுசென்றன. மலிவான இடம் என்ற புகழ் பரவிய இடத்தில் மலிவு நெடுநாள் தங்குவதில்லை என்பதற்குக் காவ் சான் நல்ல சான்று; மதுக்கடைகளும் இரைச்சலிசையும் நிறைந்த அத்தெருவில் இன்று ஒரு வேளை உணவுக்கு ஆகும் தொகையில், சற்றுத் தள்ளியுள்ள தெருவில் இரண்டு வேளை உண்ணலாம். எனினும் அதன் சுற்றுவட்டாரமான பாங்லம்பு இன்னும் பயனுள்ள இடமே: இரவின் ஓசை எட்டாத தொலைவில், பிரா அதித் படகுத்துறையிலிருந்து நடந்தே போகக்கூடிய சந்துகளில், கூட்டறையில் ஒரு படுக்கை சுமார் 300 முதல் 500 பாட்டுக்குக் கிடைக்கிறது. ஒரு பாட்டின் மதிப்பு இரண்டரை ரூபாய்க்கும் மூன்று ரூபாய்க்கும் இடையே ஏறி இறங்குவதை நினைவில் கொண்டால் கணக்கு எளிது.

சாவ் பிரயா ஆற்றில் ஓடும் படகுச்சேவை, நகரப் பேருந்துபோலத் துறைக்குத் துறை நின்று ஆளேற்றிச் செல்வது. படகின் பின்புறம் பறக்கும் கொடியின் நிறத்தைக் கொண்டு அது எந்தெந்தத் துறைகளில் நிற்கும் என்பது அறியப்படும். பயணிகளுக்கு மிகவும் உதவுவது ஆரஞ்சுக் கொடிப் படகு. எவ்வளவு தொலைவு போனாலும் ஒரே கட்டணம். அண்மை ஆண்டுகளில் அது 16 பாட்டாக இருந்துவருகிறது. நீலக்கொடி தாங்கிய சுற்றுலாப் படகும் இதே ஆற்றில் ஏறத்தாழ இதே துறைகளுக்கு ஓடுகிறது. அதில் ஒரு தடவைக்கான சீட்டின் விலை கூடுதல். சாத்தோர்ன் துறையில் வெளிநாட்டவர் முகத்தைக் கண்டதும் சுற்றுலாப் படகின் சீட்டை நீட்டுவோர் இருப்பதால், ஆரஞ்சுக் கொடி என்று கேட்டுப் பெறுவது நலம். மேம்பால ரயிலின் சப்பான் தக்சின் நிலையத்துக்கு அடியிலேயே இத்துறை உள்ளது. நகரின் ரயில்வழியும் நீர்வழியும் நேராகச் சந்திக்கும் இடம் இது. துறையை நெருங்கும்போது படகின் பின்பகுதியில் நிற்கும் பணியாளர் ஊதும் சீழ்க்கையின் வேறுபாடுகளைக் கேட்டே ஓட்டுநர் படகை முன்னும் பின்னும் நகர்த்துகிறார். கயிறு சுற்றப்பட்ட சில நொடிகளுக்குள் இறங்குவோர் இறங்கி ஏறுவோர் ஏறிவிட வேண்டும். பிக்குகளுக்கென ஒதுக்கிய இடம் ஒன்று படகில் உண்டு. பெண்கள் தம்மைத் தீண்டுவதைப் பிக்குகள் தவிர்க்க வேண்டும் என்ற விதியை அங்குள்ள அனைவரும் மதிப்பதால், அவ்விடத்தில் பிறர் நெருக்கிக்கொண்டு நிற்பதில்லை.

ஆற்றைவிடக் கால்வாய்ப் படகைப் பற்றியே விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் சுற்றுலா விளம்பரங்களில் அதற்கு இடமே இல்லை. தாய்லாந்து மொழியில் குளோங் எனப்படும் கால்வாய்கள் பல மூடப்பட்டுச் சாலைகளாகிவிட்டன. எஞ்சியவற்றுள் நீளமானது சேன் சேப். கம்போடியாவின்மீது மேலாண்மை கோரி வியட்நாமுடன் சயாம் போரிட்ட காலத்தில், படைகளையும் தளவாடங்களையும் கிழக்கே அனுப்புவதற்காக மூன்றாம் ராமா மன்னர் 1837 முதல் 1840 வரை இதை வெட்டுவித்தார். 1990-இல் இதில் தொடங்கிய பயணிகள் படகுச்சேவை, சாலையில் ஒரு மணி நேரம் பிடிக்கும் தொலைவைச் இருபது நிமிடங்கள் அளவில் கடந்துவிடுவதால், அலுவலகம் செல்வோரும் மாணவர்களும் நிறைந்ததாக இருக்கிறது. கட்டணம் தொலைவைப் பொறுத்துப் பத்து முதல் இருபது பாட் சொச்சமே. நீர் கறுத்து நாறுவதால், எதிர்ப்படகு கிளப்பும் அலை மேலே தெறிக்காதபடி பக்கவாட்டில் தொங்கும் தார்ப்பாயை ஓரத்தில் அமர்ந்தவரே கயிறிழுத்து உயர்த்த வேண்டும்; தாழ்வான பாலங்களின் அடியில் போகும்போது படகின் கூரையே கீழிறக்கப்படும். தலைக்கவசம் அணிந்த நடத்துநர்கள், படகின் வெளிவிளிம்பில் கால்வைத்து நடந்தபடி, ஒரு கையால் கயிற்றைப் பற்றி மறுகையால் சீட்டுக் கொடுக்கும் திறமையைக் காண்பதற்கே ஒருமுறை ஏறலாம்.

இப்படகின் மேற்கு முனையான பான்ஃபா துறை, காவ் சானிலிருந்து கால்மணி நேர நடையில், வாட் சாக்கேத் விகாரையின் பொன்மலைக்கு அருகில் உள்ளது. (வாட் என்பது அந்நாட்டில் பௌத்த விகாரையைக் குறிக்கும் சொல்.) செயற்கையாக எழுப்பிய அம்மேட்டின் முந்நூற்றுச் சொச்சம் படிகளை ஏறினால் பழைய நகரம் முழுவதும் கண்ணில் படும். அங்கிருந்து படகேறிக் கிழக்கே வந்தால் ஹுவா சாங் பாலத்துறை. இறங்கியதும் ஜிம் தாம்ஸன் இல்லம். தாய்லாந்துப் பட்டை மேலைநாட்டுச் சந்தையில் பெயர்பெறச் செய்த அந்த அமெரிக்கர், 1967-இல் மலேசியாவின் கேமரன் மலைப்பகுதியில் நடந்துவரப் போனவர் திரும்பவே இல்லை. அவ்வீட்டுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. கால்வாயின் எதிர்க்கரையில் உள்ள பான் குருவா குடியிருப்பைக் காண எவரும் கட்டணம் கேட்பதில்லை. கம்போடியாவிலிருந்து வந்து குடியேறிய சாம் இன முஸ்லிம்களின் ஊர் அது, தாம்ஸனுக்குப் பட்டு நெய்து கொடுத்தோர் அவர்களே. அதே துறையிலிருந்து நடக்கும் தொலைவில், 2008-இல் திறக்கப்பட்ட பாங்காக் கலை, பண்பாட்டு மையத்துக்கும் இலவசமாகவே போகலாம்.

விகாரைகளுக்கும் அரண்மனைக்கும் வெளிநாட்டவர் செலுத்தும் கட்டணம் வேறு, உள்நாட்டவருக்குரியது வேறு என்பதைப் பலர் குறையாகச் சொல்வதுண்டு. பல இடங்களில் உள்நாட்டவருக்குரிய விலை தாய் எண்ணுருக்களில் எழுதப்பட்டிருப்பதால், அயலார் கண்ணுக்கு அது விலையென்றே தெரிவதில்லை. தாஜ்மகாலுக்கும் மாமல்லபுரத்துக்கும் இதே முறையைக் கைக்கொள்ளும் நாட்டிலிருந்து செல்வோர் இதை அநீதி என்று கூறுவதில் பெரிய நியாயம் இல்லை. அரண்மனைக் கட்டணம் 500 பாட். சிக்கனப் பயணியின் ஒரு நாள் உணவுச் செலவைவிட அதிகம். எனினும் அங்கே தவிர்க்கக் கூடாதது ஒன்று உண்டு: மரகத புத்தர் ஆலயத்தைச் சுற்றிய நெடிய திண்ணையின் சுவர்களில், ராமகியன் எனப்படும் தாய்லாந்து ராமாயணம் 178 ஓவியப் பகுதிகளாகத் தீட்டப்பட்டுள்ளது. வடக்கு வாயிலருகே தொடங்கி வரிசையாகப் பார்த்துவந்தால் கதை முழுவதும் கிடைக்கும். கம்பனில் பழகிய கண்ணுக்கு அங்குள்ள அனுமன் வியப்பளிப்பான். பிரமசாரியாக அல்லாமல், ராவணன் மகளான மீன்கன்னியையே காதலித்து மகன் பெற்றவனாக அவன் அங்கே காட்சி தருகிறான். தோளும் முழங்காலும் மூடிய உடையின்றி உள்ளே விடுவதில்லை என்பதால், வாயிலில் உடைக்காகத் தனியே செலவிட நேராதபடி முன்னேற்பாட்டுடன் போவது நல்லது.

அரண்மனைக்குத் தெற்கே உள்ள வாட் போவில் 46 மீட்டர் நீளமும் 15 மீட்டர் உயரமும் உடைய சயன புத்தர் கிடக்கிறார். அவருடைய உள்ளங்கால்களில் 108 மங்கலக் குறிகள் முத்துச்சிப்பியால் இழைக்கப்பட்டுள்ளன. தாய்லாந்து மருத்துவத்தையும் உடல்பிடி முறையையும் கற்பிக்கும் மரபு அங்கே நிலைத்திருக்கிறது; மூன்றாம் ராமா மன்னர் காலத்தில் பொறிக்கப்பட்ட அங்குள்ள கல்வெட்டுகள் யுனெஸ்கோவின் உலக நினைவேட்டில் இடம்பெற்றுள்ளன. எதிரே தா தியன் துறையில் சில பாட் கொடுத்துத் தோணி ஏறினால் மறுகரையில் வாட் அருண். பீங்கான் துண்டுகள் பதித்த அதன் கோபுரத்தை அருகில் சென்று காணக் கட்டணம் உண்டு. மாலையில் ஆற்றின் இக்கரையிலிருந்தே பார்த்தால் கட்டணம் எதுவும் இல்லை, அழகும் குறைவதில்லை.

இப்பகுதியில் நெடுங்காலமாக நடந்துவரும் ஏமாற்று ஒன்றைப் பற்றி அறிந்திருப்பது கட்டணச் சலுகைகளைவிடப் பயன்தரும். அரண்மனை மதிலோரம் நடப்பவரிடம் நன்கு உடுத்திய ஒருவர் வந்து, இன்று சடங்கு காரணமாக அரண்மனை மூடப்பட்டுள்ளது என்று கூறி, வேறு விகாரைகளைக் காட்ட இருபது பாட்டுக்கு ஒரு துக்துக் வண்டியை ஏற்பாடு செய்து தருவார். மூன்று சக்கர வாகனமான துக்துக்கின் எரிபொருளுக்கே அத்தொகை போதாது. ஈடுகட்டுவது, வழியில் நிறுத்தப்படும் நகைக்கடையும் தையற்கடையும் கொடுக்கும் தரகு. அரசின் சிறப்பு விற்பனை என்ற பெயரில் மதிப்பற்ற கற்களைப் பெருவிலைக்கு வாங்கி ஏமாந்தோர் பலர். அரண்மனை திறந்திருக்கிறதா என்பதை அதன் வாயிலில் சென்று பார்ப்பதே ஒரே வழி. மீட்டர் போட மறுக்கும் டாக்சிகளும் இவ்வட்டாரத்தில் மிகுதி. 35 பாட்டில் தொடங்கும் மீட்டர் ஓடினால் மூவர் நால்வராகச் செல்வோர்க்கு டாக்சி மலிவே.

தமிழர்க்கு இந்நகரில் மிக நெருக்கமான இடம், பெரும்பாலோர் படம் எடுத்துக்கொண்டு கடந்துவிடும் ஓர் இடமாகும். வாட் சுத்தாத் விகாரையின் முன்னே சாலை நடுவில் செந்நிறத்தில் நிற்கும் உயர்ந்த தேக்குமரச் சட்டம், 1784-இல் நிறுவப்பட்ட பெரிய ஊஞ்சல். மார்கழி, தை மாதங்களில் சிவபெருமான் உலகுக்கு எழுந்தருளுவதாகக் கொண்டு நடத்தப்பட்ட விழாவில், அந்த ஊஞ்சலில் ஆடியோர் கம்பத்தில் கட்டிய காசுப் பையைப் பல்லால் கவ்வினர். ஆபத்து மிகுந்த அவ்வாட்டம் 1935-இல் நிறுத்தப்பட்டது. இப்போதுள்ள சட்டம் 2007-இல் புதிய தேக்குமரங்களால் செய்யப்பட்டது. அவ்விழாவின் பெயர் திரியம்பாவாய், திரிபாவாய். திருவெம்பாவையும் திருப்பாவையும் சென்றடைந்த வடிவங்கள் அவை. அருகிலுள்ள தேவஸ்தானம் என்னும் சிறு கோயிலில், அரசவைப் பிராமணர்கள் அவ்விழாவின் சடங்குகளை இன்றும் ஆண்டுதோறும் செய்துவருகின்றனர். அவர்கள் ஓதும் பாடல்களில் தமிழ்த் திருமுறைப் பகுதிகளை அறிஞர்கள் இனங்கண்டுள்ளனர். ஓதுவோருக்கோ பொருள் தெரியாது, ஒலி மட்டும் தலைமுறை தலைமுறையாக வந்திருக்கிறது. சீலோம் சாலையில் தமிழர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுப்பிய மாரியம்மன் கோயில் இதனினும் வேறுபட்ட கதை: அங்கே நவராத்திரி இறுதி நாளில் சாலையை மறித்து நடக்கும் ஊர்வலத்தில் வழிபடுவோரில் மிகப் பெரும்பாலோர் தாய்லாந்து மக்கள், வாட் கேக் என்பது அவர்கள் அக்கோயிலுக்கு இட்ட பெயர்.

உணவைப் பொறுத்தவரை, வண்டிக்கடைகளில் ஒரு தட்டு 50 முதல் 80 பாட்டுக்குள் கிடைக்கிறது. வெயிலுக்கு ஒதுங்க வேண்டுமானால் கடைவளாகங்களின் மேல்தளத்தில் உள்ள உணவுக்கூடங்களில் ஏறக்குறைய அதே விலைக்கு உண்ணலாம் என்பது வெளியூரார்க்குத் தெரிவதில்லை. நகராட்சி 2014-க்குப் பிறகு பல நடைபாதைகளிலிருந்து வண்டிக்கடைகளை அகற்றியதால், பழைய பயணநூல்கள் காட்டும் இடங்களில் கடை இல்லாமலும் போகலாம். சீனர் குடியிருப்பான யாவராத் இரவில் இன்னும் ஏமாற்றுவதில்லை. சைவ உணவினர்க்குத்தான் சிக்கல். காய்கறி மட்டும் என்று சொல்லிக் கேட்டாலும் மீன்சாறும் இறால் விழுதும் சேர்ந்தே வரும், ஏனெனில் அவை அங்கே உப்பின் இடத்தில் நிற்பவை. இதற்குத் தீர்வு மஞ்சள் பின்னணியில் சிவப்பெழுத்தால் ‘ஜே’ என்று எழுதிய சிறு கொடி. சீன மகாயான வழக்கிலிருந்து வந்த அக்குறி உள்ள கடையில் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது, பூண்டும் வெங்காயமும்கூடக் கிடையாது. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில், பெரும்பாலும் அக்டோபரில், யாவராத் முழுவதும் இக்கொடி பறக்கும்.

விமான நிலையத்திலிருந்து நகருக்கு வரும் வழிகளும் மலிவாகவே அமைந்துள்ளன. 2006-இல் திறந்த சுவர்ணபூமியிலிருந்து ஃபயா தாய் வரை செல்லும் ரயிலுக்கு 45 பாட்டுக்கு மேல் இல்லை. காவ் சானுக்கு நேரே செல்லும் எஸ்1 பேருந்து 60 பாட். பழைய டான் முவாங் நிலையத்தில் இறங்குவோர்க்கு அதே தெருப்பக்கம் வரும் ஏ4 பேருந்து 50 பாட். நகரின் சாதாரணச் சிவப்புப் பேருந்தில் எட்டு, பத்து பாட்டுக்குப் பயணம் செய்யலாம். நடத்துநர் கையிலுள்ள நீண்ட உலோகக் குழலைத் திறந்து மூடி எழுப்பும் ஓசையே சீட்டு வாங்கச் சொல்லும் அழைப்பு. 2023 நவம்பரில் இந்தியர்க்கு விசா விலக்கு அளிக்கப்பட்டது. அதன் கால அளவு பின்னர் மாற்றப்பட்டிருப்பதாலும் மேலும் மாறக்கூடியதாலும் பயணத்துக்கு முன் தூதரக அறிவிப்பைப் பார்ப்பது அவசியம். 2025 மே முதல் எல்லா வெளிநாட்டுப் பயணிகளும் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகைப் படிவத்துக்குக் கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்பவை போலித் தளங்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கத்தக்கது, விடுதி வாடகை கூடுதல்; ஏப்ரலில் வெப்பம் உச்சத்தில் இருந்தாலும் சித்திரைப் பிறப்பையொட்டி வரும் சொங்க்ரான் நீர்விழாவில் காவ் சான் நிரம்பி வழிவதால் அப்போதும் வாடகை இறங்காது. நாட்கள் சற்று மிஞ்சினால் 1767-இல் பர்மியப் படையால் அழிந்த முந்தைய தலைநகர் அயுத்தயாவுக்கு, எழுபது கிலோமீட்டர் சொச்சத் தொலைவை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கடக்கும் மூன்றாம் வகுப்பு ரயிலில், இருபது பாட் அளவிலான சீட்டில் போய் வரலாம். நெடுந்தொலைவு ரயில்கள் 2023 ஜனவரியில் குருங் தேப் அபிவாத் என்னும் புதிய நிலையத்துக்கு மாறிவிட்டபோதிலும், சாதாரண ரயில்கள் சில இன்னும் 1916-இல் கட்டிய ஹுவா லம்போங் நிலையத்திலிருந்தே புறப்படுகின்றன. இவ்வகுப்புக்கு முன்பதிவு தேவையில்லை. அயுத்தயா நிலையத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தால் தோணித்துறை, துறையருகிலேயே வாடகை மிதிவண்டி, மாலை ரயிலின் நேரத்தை மட்டும் இறங்கியவுடன் நிலையப் பலகையில் குறித்துக்கொள்ள வேண்டும்.